கம்பம் பிடுங்கும்வரை

"அன்பா இருக்காதீங்க!" என்று அன்றைக்கு நான் கத்தியதை என்னோடு படித்த நீங்களெல்லாம் இந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். காலை நடையில், டீக்கடை பெஞ்சில், போனில் என்று ஓர் இடம் பாக்கியில்லை. சிரியுங்கள். அறுபதைத் தாண்டிய ஒருத்தி, நம் பேரன் பேத்திகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று அப்படிக் கத்தினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பேத்தியோடு மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் படிக்கிறான். அவனுடைய அம்மா சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்துவிட்டது. பையனுக்கு மட்டும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வைத்தியம் நடக்கிறது என்று சொல்லி இங்கே தாத்தா வீட்டில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு நாலு செல்போன் இருக்கிற காலத்தில் ரகசியம் ஏது? வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் கூட்டம் போட்டார்கள்.

பிள்ளைகளின் மனசைப் பார்த்துக்கொள்வதற்கென்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். அவள்தான் பேசினாள். பையனிடம் சொல்லிவிடுவதுதான் நல்லது, நான் கூட இருக்கிறேன் என்றாள். நீங்கள் விட்டீர்களா? ஆண்டுவிழா முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று ஆளுக்கொரு கெடு வைத்தீர்கள். அவனுடைய தாத்தாவும் தலையாட்டினார். அப்போதுதான் நம்மில் ஒருவர், நாம் படித்த காலத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர், எழுந்து சொன்னார்: "அதுவரைக்கும் எல்லாப் புள்ளைங்களும் அவன்கிட்ட அன்பா இருந்தாப் போதுமுங்க. வெய்யாம அடிக்காம பாத்துக்கங்க. நம்ம காலத்துல இதெல்லாம் ஆரு பாத்தாங்க? நல்லாத்தானே இருக்கறோம்?"

அதற்குத்தான் கத்தினேன். நல்லாத்தான் இருக்கிறோமா? சரி, அதையே பேசுவோம்.

நாம் நாலாவது படித்த வருஷத்துப் பங்குனியை நினைத்துப் பாருங்கள். எருமப்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மாரியம்மன் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஓட்டுக் கட்டடம். காற்று ஒரு பக்கம் அடித்தால் மரவள்ளிக் கிழங்கு மில்லில் மாவு புளிக்கிற நாற்றம் வரும். இன்னொரு பக்கம் அடித்தால் மஞ்சளும் வேப்பிலையும் மணக்கும். சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் சுண்ணாம்பு. கரும்பலகைக்குப் பின்னால் டீச்சரின் புளியம் விளார். அந்த விளாரை நம்மில் மறந்தவர் யாரும் இருக்க முடியாது, அதில் நான் வாங்கியதுதான் அதிகம்.

காரணம் என் அப்பா. அவர் லாரி டிரைவர். லைனுக்குப் போனால் வடக்கே எங்கெங்கோ சுற்றிவிட்டு வர மாசக்கணக்காகும். ரோட்டில் ஹாரன் கேட்டால் என் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். உடனே விளார் வந்துவிடும். "ஏ கழுதை, அங்க என்னடி பார்வை?" அதுதான் டீச்சர் எனக்கு வைத்திருந்த பேர்.

அப்பா வந்தால் டீசல் வாசமும் ஆரஞ்சுப் பழ வாசமும் சேர்ந்து வரும். வண்டிக்குக் கரண்டு ஹாரன் மாட்டியபோது பழைய ஊது ஹாரனைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். பித்தளைக் குழல், கறுப்பு ரப்பர் பந்து. பந்தில் அப்பாவின் கட்டைவிரல் பட்டுப்பட்டு ஓரிடம் வழவழவென்று தேய்ந்திருக்கும். என் கட்டைவிரலையும் அங்கேயே வைத்துத்தான் அமுக்குவேன். உங்களுக்கும் ஆளுக்கு ஒரு அமுக்கு கொடுத்திருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

அந்தப் பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். வெட்டி மஞ்சள் பூசிய மூன்று கவடு மரம். அது நிற்கிற நாளெல்லாம் காலையில் பெண்கள் வரிசையாகப் போய் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை ஊரில் சாவுச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் தீட்டு, நோன்பு நின்றுபோகும். நின்றால் மழை வராது, பிள்ளைகளுக்கு அம்மை போடும் என்று பயம். தூரத்துச் சாவென்றால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சேதி அந்த வீட்டார் காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரைக்கும் இல்லை.

கம்பம் நட்ட சில நாளில் அப்பாவின் லாரி வடக்கே ஒரு மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. தந்தி லாரி ஓனருக்கு வந்தது. நாமக்கல் பட்டறையில் வேலை பார்த்த என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் வடக்கே போனார், அப்பாவை அங்கேயே எரித்துவிட்டார்கள். போகும் முன் ஓனர் நம் ஊர்ப் பெரியதனக்காரரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பெரியதனக்காரர் யோசித்து ஒரு முடிவு எடுத்தார். வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் கம்பம் பிடுங்கும்வரை சொல்ல வேண்டாம். "கேக்காத வரைக்கும் அவ சுமங்கலிதான்." ஊர் முழுக்க அது பரவிவிட்டது. தெரியாதவர்கள் இரண்டே பேர், என் அம்மாவும் நானும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு.

ஒருநாள் டீச்சர் என்னைப் பெரிய வாத்தியார் அறையிலிருந்து சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னார். எடுத்துக்கொண்டு திரும்பினால் வகுப்பில் ஒரு சத்தமில்லை. நீங்கள் எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். டீச்சரின் மூக்கு சிவந்திருந்தது. "வா சாமி, வந்து உக்காரு" என்றார். சாமியா? நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது வருகிறார்களோ என்று.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஹாரன் சத்தம் கேட்டு ஜன்னலைப் பார்த்தேன், டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டி ஆடினால் கோட்டை மிதித்தாலும் "அவுட்டில்ல, அவுட்டில்ல" என்று என்னையே ஜெயிக்க வைத்தீர்கள். கடைசி வரிசைக்காரர் தன் பச்சைக் கோலிகுண்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். அதுவரை அவர் எனக்குத் தந்ததெல்லாம் குட்டுதான். மதிய உணவு ஆயா கோதுமை உப்புமாவை இரண்டு கரண்டி வைத்து, "தின்னு சாமி, வவுறு நெறையத் தின்னு" என்று என் தலையைத் தடவினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி புதுப் பலப்பத்தை எனக்குக் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தினமும் அவளுக்கு வயிற்றுவலி வந்தது, பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு கழித்தல் கணக்கைத் தப்பாகப் போட்டேன். எனக்கே தெரியும் தப்பென்று. டீச்சர் என் சிலேட்டை வாங்கிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், ரைட்டு போட்டுக் கொடுத்துவிட்டார். தப்புக் கணக்குக்கு ரைட்டு போடுகிற அளவுக்கு எனக்கு என்ன ஆகிவிட்டது?

பதில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே வேப்பமரத்தில் கட்டியிருந்தது.

கோயில் ஆட்டுக்கெடா. கறுப்பு. நோன்பு சாட்டுவதற்கு முன்னால் அதை விரட்டாத ஆள் கிடையாது. வேலியில் வாய் வைத்தால் கல்லெறிவார்கள். சாட்டியதும் நெற்றியில் மஞ்சள், கழுத்தில் மாலை. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு கொத்துத் தழை நீட்டுவார்கள். நம் ஆயா மிச்ச உப்புமாவை அதன் முன்னால் கொட்டிவிட்டு, என் தலையைத் தடவிய அதே கையால் அதையும் தடவி, "தின்னு சாமி, நல்லாத் தின்னு" என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. திட்டாமல், அடிக்காமல், தலையைத் தடவிச் சோறு போடுவது எதற்கென்று நம் ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

இப்போது கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது, இல்லையா? ஒன்பது வயசுப் பிள்ளையை யாராவது வெட்டுவார்களா? எனக்கு அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரே சேர்ந்து என்னிடம் ஒன்றை மறைக்கிறது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது என்னவென்று யாரும் சொல்லவில்லை. கண்ணில் பட்டதை வைத்து நானே கணக்குப் போட்டுக்கொண்டேன், தப்பாக.

போன வருஷத்து நோன்பில் அப்பா ஊரில் இருந்தார். கெடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் அதையே பார்த்து நின்றார்கள். நான் அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "எதுக்குங்கப்பா எல்லாரும் சும்மா நிக்கறாங்க?" என்றேன். அப்பா சொன்னார்: "அது துளுக்கோணும் அம்முணி. தண்ணிக்கு ஒடம்பச் சிலுப்போணும். துளுக்குனா சம்மதமுன்னு அர்த்தம். துளுக்காட்டி வெட்ட மாட்டாங்க." சொல்லி முடிப்பதற்குள் கெடா துளுக்கிவிட்டது. குலவைச் சத்தம் கேட்டது.

ஆக, எனக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அப்பா சொல்லிக் கொடுத்த வழி. தண்ணீர் ஊற்றினால் துளுக்கக் கூடாது.

பழக ஆரம்பித்தேன். விடியற்காலையில் அம்மா கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகும் முன் என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக் குளிப்பாட்டுவார். பச்சைத் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு, பெருவிரலைத் தரையில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொள்வேன். "என்ன அம்முணி, மரமாட்ட நிக்கறே? குளுரலையா?" என்பார் அம்மா. "இல்லீங்கம்மா." குளிர் எலும்பில் குத்தும். பிறகு அம்மா தலை நிறையப் பூ வைத்து, குங்குமம் அப்பி, குடத்தோடு கிளம்புவார். கம்பத்தடியில் மற்ற பெண்கள் எல்லோரும் ஒதுங்கி, அம்மாவை முதலில் ஊற்றச் சொல்வார்கள். அம்மாவுக்கு அது பெருமையாக இருந்தது. "உங்கப்பா நல்லபடியா வரோணுமுன்னு ஊத்தறேன்" என்பார். அந்தப் பூ வாசத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடிவதில்லை. என் வீட்டில் மல்லிகைச் செடி இல்லை, கவனித்திருப்பீர்கள்.

உப்புமாவை நான் தின்னாமல் மறைத்துக் கொட்டினேன். கொழுத்தால்தானே ஆபத்து? மெலிந்தேன். மெலிய மெலிய உங்கள் அன்பு கூடிப்போனது. எனக்கு ஒரே ஓர் அடி விழுந்தால் போதும் என்று இருந்தது. அடித்தால் பழையபடி ஆகிவிட்டது என்று அர்த்தம். வேண்டுமென்றே நேரம் கழித்துப் போனேன். தோழியைக் கிள்ளினேன். டீச்சரின் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டேன். அவர் பேசாமல் தன் முந்தானையால் துடைத்தார். கடைசியில் ஒருநாள் கரும்பலகைக்குப் பின்னால் கைவிட்டு அந்தப் புளியம் விளாரை எடுத்து வந்து அவர் மேஜையில் வைத்தேன். உள்ளங்கையை விரித்து நீட்டினேன்.

"அடிங்க டீச்சர்."

டீச்சர் விளாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நீங்களும் அழுதீர்கள். வகுப்பே அழுதது. நான் அந்தப் புடவைக்குள் முகம் அழுந்த நின்றுகொண்டு, நான் பயந்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டீச்சர் நல்ல மனுஷி. அன்றைக்கு அவர் மனசார அழுதார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் சாமி அடிக்கச் சொல்றே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் வாய் தவறி உண்மை வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் இருந்திருக்கும். அந்தப் பயத்தோடு அவர் தனியாகத் தவித்தார், நான் தனியாகத் தவித்தேன், வயிற்றுவலிக்காரி தனியாகத் தவித்தாள். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ்தான் இருந்தோம்.

நோன்புக்கு முந்தின நாள் என் ஹாரனைத் தோழியிடம் கொடுத்தேன். "நீயே வெச்சுக்க. நான் போனதுக்கப்புறம் எங்கப்பா வந்தா ஒருக்கா அடிச்சுக் காட்டு" என்றேன். அவள் ஹாரனை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலையில் கெடாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். துளுக்காதே, துளுக்காதே என்று உள்ளுக்குள் கதறினேன். அது துளுக்கியது. மத்தியானம் கம்பத்தைப் பிடுங்கி மேளதாளத்தோடு கொண்டுபோய்க் கிணற்றில் விட்டார்கள். தொபீர் என்று சத்தம் கேட்டதும் மேளம் சட்டென்று நின்றது. கூட்டம் அப்படியே திரும்பி எங்கள் வீட்டை நோக்கி வந்தது.

அம்மா கையில் மாவிளக்குத் தட்டோடு வாசலில் நின்றார். பெரியதனக்காரரும் நாலைந்து பெண்களும் அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். ஆயாவும் டீச்சரும் என் தோளைப் பிடித்துத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆயா கையில் குடம் இருந்தது. சுற்றிலும் கூட்டம், எல்லோரும் என்னையே பார்த்து நின்றார்கள்.

தலையில் தண்ணீர் விழுந்தது.

நான் துளுக்கவில்லை. பல்லைக் கடித்தேன், பெருவிரலை ஊன்றினேன், மூச்சை அடக்கினேன். இன்னொரு குடம். துளுக்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா அலறுகிற சத்தம் வந்தது. என்னை வெட்டப்போவது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதும் அசையவில்லை. மொட்டைத் தலையோடு சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினார். "அம்முணி... உங்கப்பா போயிட்டாரு சாமி. லாரி கவுந்து போயிட்டாரு."

அப்பாவா? நான் இல்லையா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அடக்கிவைத்த மூச்செல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. அந்த நேரத்தில்தான் அம்மா தலைவிரிகோலமாக வாசலுக்கு ஓடி வந்தார். பூவெல்லாம் தோளில் சரிந்திருந்தது. சிரிக்கிற என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உடம்பு உதற ஆரம்பித்தது, போர்வை மேல் போர்வை போட்டும் நிற்கவில்லை.

"புள்ள பயந்துருச்சு" என்றார்கள். கோயிலில் வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். ஏன் சிரித்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தலையில் ஊற்றியது சாவுக்கு முழுகுகிற தண்ணீர் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போனேன். தப்பாகப் போட்ட கணக்குக்கு டீச்சர் தப்பு போட்டுக் கொடுத்தார். அந்தச் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்பாவுக்காக முதல் தடவை அழுதேன். கணக்குத் தப்பானதுக்கு அழுகிறாள் என்று நினைத்து டீச்சர் திரும்பவும் சொல்லிக் கொடுத்தார்.

ஹாரன் திரும்பக் கிடைக்கவில்லை. சாவு வீட்டுச் சாமான் நமக்கெதுக்கு என்று தோழியின் அம்மா அதைக் கிணற்றில் போட்டுவிட்டாராம், கம்பம் விட்ட அதே கிணற்றில். இதைச் சொல்ல என் தோழிக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கூட்டம் முடிந்து வருகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், வயிற்றுவலி இன்னும் வருகிறது என்றும் சொன்னாள். அவளிடம் கேளுங்கள், நல்லாத்தான் இருக்கிறோமா என்று. இன்றைக்கும் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது நான் அசையாமல் நிற்கிறேன். மார்கழியானாலும் அப்படித்தான். உடம்பு இன்னும் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். ஒருநாள் சாயங்காலம் அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா அம்முணி? கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்கம்மா."

"அன்னிக்கு... நீ ஏன் சிரிச்சே?"

சீப்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கெடா, உப்புமா, தப்புக் கணக்கு, தண்ணீர், எல்லாம். அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு அப்பனப் புடிக்காதுன்னுல்ல சாமி இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். அதனாலதான் உங்கிட்ட அவரப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல."

உண்மைதான். பேசியதே இல்லை. அப்பா சின்ன வயசில் எப்படி இருந்தார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார், நான் பிறந்தபோது என்ன சொன்னார், ஒன்றும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு என்மேல் கோபமென்று நினைத்து நானும் கேட்டதில்லை. அன்றைக்கு அம்மா ஆரம்பித்தார். இரண்டு மூன்று கதை சொன்னார். அதற்கு மேல் அவருக்கு ஞாபகம் வரவில்லை, பேர்களெல்லாம் குழம்பிப்போயின. கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டார்.

நேற்று அந்தச் சின்னப் பெண் போன் செய்தாள். பையனின் தாத்தா சம்மதித்துவிட்டாராம். நாளைக்குக் காலையில், பள்ளிக்கூடத்திலேயே, தாத்தாவும் அவளும் சேர்ந்து சொல்லப்போகிறார்கள். "நீங்களும் வாரீங்களாம்மா? அவன் என்ன செய்வானோன்னு தாத்தா பயப்படறாருங்க" என்றாள்.

அழலாம். கோபப்படலாம். சிரித்தாலும் சிரிக்கலாம். எதைச் செய்தாலும், அந்த நிமிஷமே பக்கத்தில் குந்தி, "ஏஞ்சாமி?" என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

வாரேன் என்று சொல்லியிருக்கிறேன்.